செல்போன் யார் கையில்? சங்கம் யார் கையில்?

உண்டியல் குலுக்கி நிதி திரட்டிய காலத்தில் சங்கங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உண்டியலுக்குப் பூட்டு உண்டு. திறந்து எண்ணும்போது நாலு பேர் உடனிருப்பார்கள். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் உண்டு. துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயர் உண்டு. எழுதியவர் யார், வசூலித்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது.

இன்று துண்டறிக்கையின் வேலையை வாட்ஸ்அப்பும், சுவரொட்டியின் வேலையை ஃபேஸ்புக்கும், உண்டியலின் வேலையை கியூஆர் கோடும் செய்கின்றன. பழைய கட்டுப்பாடு மட்டும் இவற்றோடு வந்து சேரவில்லை. நமது சங்கங்கள் பலவற்றில், செல்போன் நன்றாகத் தெரிந்த ஓர் இளைஞர் பக்கம் தொடங்குகிறார். கடவுச்சொல் அவரிடமே இருக்கிறது. அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் சங்கத்தின் குரலும் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது!

இந்தக் கருவிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது செங்கல்சூளைக் குடியிருப்பு. 2009-ல் வந்த 'அயன்' படத்தின் பாடல் காட்சி ஒன்றை அங்குள்ள பையன்கள் ஒரு செல்போனைக் கொண்டே மறுபடி எடுத்தார்கள். 2021 ஜூலையில் நடிகர் சூர்யாவே அதைப் பாராட்டினார். செங்கல்சூளை என்றால் முகம் சுளித்தவர்களும் அன்று அந்தப் பையன்களின் திறமையைப் பேசினார்கள். தன் கதையைத் தானே சொல்ல ஏழைக்கு வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் பணம் என்று வரும்போது எச்சரிக்கை தேவை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தபோது, முதலமைச்சர் நிவாரண நிதிக்காக கியூஆர் கோடு வெளியிடப்பட்டது. அது தவறாகப் பயன்படக்கூடும் என்று கருதி, சில நாட்களுக்குள் அரசே அதைத் திரும்பப் பெற்று, வேறு வழியில் பணம் செலுத்த ஏற்பாடு செய்தது. அதே சுவரொட்டியில் வேறொரு கட்டத்தை ஒட்டிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. மாநில அரசுக்கே இத்தனை ஜாக்கிரதை வேண்டியிருந்தால், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவரின் நூறு ரூபாயை வாங்கும் நமக்கு எவ்வளவு வேண்டும்?

பணத்தைவிடப் பெரியது மானம். அரிசிப் பை வாங்கும் விதவையை நிற்க வைத்து, பையின் ஒரு முனையைத் தலைவர் பிடித்துக்கொண்டு எடுக்கும் படங்களை நாம் தினமும் பார்க்கிறோம். 'படம் போட்டால்தானே நன்கொடை வரும்' என்பார்கள். வரலாம். ஆனால் அந்தப் பெண்ணின் மகள் படிக்கும் பள்ளியிலும் அந்தப் படம் சுற்றுமே, அதை யார் யோசித்தார்கள்? 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மண்சரிவில் மாண்டபோது, அழுதவர்களின் முகங்கள் ஊரெங்கும் பரவின. அவர்களிடம் அனுமதி கேட்டவர்கள் எத்தனை பேர்? அதே மூணாறில் 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்த பெண்களின் முகங்களும் நாடெங்கும் பரவின. அவை அவர்களே முன்வந்து காட்டிய முகங்கள். உரிமை கேட்கும் முகத்துக்கும், இரக்கத்துக்காகப் பிறர் விற்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாளர் சங்கம் மறக்கலாகாது.

சட்டமும் இதே திசையில்தான் நகர்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைக் கையாள அவருடைய சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் போடும் தவறான பதிவுக்கு, குழுவை நடத்துபவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றம் விட்டுவிட்டாலும் சங்கத்தின் பெயர் கெடுவதை யார் தடுப்பது?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் வரும் பொதுக்குழுவில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்:

1. பக்கங்களும் குழுக்களும் சங்கத்தின் பெயரிலுள்ள எண்ணில் இருக்க வேண்டும். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும்.

2. நன்கொடை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே. தனியார் எண்ணுக்கு ஒரு ரூபாயும் கூடாது. வரவு செலவை மாதந்தோறும் அதே குழுவில் வெளியிட வேண்டும்.

3. உதவி பெறுபவரின் முகம் அவருடைய சம்மதமின்றி வெளிவரக் கூடாது. மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை முதலிலேயே அவரிடம் சொல்ல வேண்டும்.

4. உறுப்பினர் பட்டியலையும் செல்போன் எண்களையும் எந்தக் கட்சிக்கும் எந்த வியாபாரிக்கும் கொடுக்கலாகாது.

5. செய்தி தமிழில் இருக்க வேண்டும். எழுத்தறியாத தாய்மார்களுக்குக் குரல் பதிவாகவும் போக வேண்டும்.

இதற்கெல்லாம் நிபுணர் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு மாலை நேரக் கூட்டம் போதும். உண்டியலுக்குப் பூட்டுப் போடத் தெரிந்த நமக்கு இதற்கும் ஒரு பூட்டுப் போடத் தெரியாதா? தோழர்களே, அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் சங்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?