புறம்போக்கில் ஓர் இரவு

வருவாய்த் துறையின் கணக்கில், தீர்வைக்கு உட்படாமல் பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, களம் புறம்போக்கு என்று அதில் பல வகை. ஒருவருக்கும் உரியதல்ல என்பதாலேயே ஊருக்கு உரியதாக இருந்த அந்த நிலத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானபோது இதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம். பொது நிலத்தில் ஒரு சாதாரண மனிதன் ஓர் இரவு தங்கலாமா என்ற கேள்வியை இங்கு யாரும் எழுப்பாததற்கும் இந்த வசைக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

திறந்தவெளியில் இராத்தங்குவது மேலைநாட்டுப் பொழுதுபோக்கு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஓர் எண்ணம் படித்தவர்களிடையே உண்டு. சங்கப் பாடல்களில் பாசறை எத்தனை இடங்களில் வருகிறது என்பதை இதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அது போர்க்காலத்துச் செய்தி என்று ஒதுக்கினால், கிடை இருக்கிறது. கி. ராஜநாராயணனின் குறுநாவலுக்கே அதுதான் தலைப்பு. ஆட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் படுத்துறங்கிய வாழ்க்கையை சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி'யில் எழுதியிருக்கிறார். சொல்லும் அனுபவமும் நம்மிடம் இருந்தன. இப்போது 'முகாம்' என்றால் நமக்கு அகதி முகாமும் கண் சிகிச்சை முகாமும்தாம் நினைவுக்கு வருகின்றன.

காட்டுக்குள் செல்வது பற்றிய நம் பொது விவாதம் 2018 மார்ச் 11க்குப் பிறகு முற்றிலும் மாறிவிட்டது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அன்று பரவிய காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்து நிற்கும் புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அறியாத நகரத்து இளைஞர்கள் அவர்கள். விதிகள் வந்தன, தேவையான விதிகள்தாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார்கள். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. நல்ல ஏற்பாடு என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் இவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடைகள். இரவு அதில் இல்லை. கட்டணமும் முன்பதிவுமாக வருகிறவர் ஒருவகையான மனிதர். அவருக்கு வழி பிறந்துவிட்டது. என் கவலை மற்றவர்களைப் பற்றியது.

அந்த மற்றவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும். பாபநாசத்துக்கு மேலே, காரையாருக்குப் போகும் வழியில், களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது கோயில். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். பாத்திரங்கள், அரிசி மூட்டை, கிடா, தார்ப்பாய், கழிகள், பச்சைக்குழந்தை, நடக்க மாட்டாத பாட்டி என்று எல்லாவற்றோடும் வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். முன்பெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கியவர்கள் உண்டு. விடியலில் ஆற்றில் குளியல், அங்கேயே அடுப்பு, இரவில் வில்லுப்பாட்டு. தமிழ்நாட்டில் நடைபெறும் மிகப் பெரிய திறந்தவெளித் தங்கல்களில் இது ஒன்று. இதற்கு எந்தச் சுற்றுலாக் கையேடும் இந்தப் பெயரைத் தருவதில்லை, வந்து தங்குகிறவர்களும் தருவதில்லை.

சிங்கம்பட்டி ஜமீனின் கடைசிப் பட்டக்காரரான முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் மறையும்வரை, இந்த விழாவில் ராஜ உடையில் வந்து அமர்ந்து காட்சி தருவது வழக்கமாக இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்குள்ள பட்டவராயன் சன்னிதி. பிராமண குலத்தில் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, தோல் தைத்து, மாடு காத்து உயிர்விட்ட முத்துப்பட்டனின் இடம் அது. பக்தர்கள் அவருக்குச் செருப்புகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். ஊருக்குள் நடக்க முடியாத ஒரு திருமணத்துக்கு இடம் கொடுத்தது அந்தக் காடு. காடு என்பது இம்மக்களுக்கு வெறும் காட்சியாக இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதைச் சொன்னதும் காட்டுயிர் ஆர்வலர்கள் கோபிப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1988 முதல் இது புலிகள் காப்பகம், தமிழகத்தின் முதல் காப்பகம். பல்லாயிரம் பேர் ஒரே ஆற்றங்கரையில் சில நாட்கள் தங்கினால் அந்த ஆறு என்னவாகும்? மலமும் சோப்பு நுரையும் நெகிழிப் பைகளும் அப்படியே தாமிரபரணியில் கலக்கின்றன, அதைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. குடிலுக்குக் கழியும் அடுப்புக்கு விறகும் காட்டிலிருந்தே வெட்டப்பட்ட காலம் உண்டு. மரபு என்ற சொல்லைச் சொல்லி இதையெல்லாம் மூடிவிட முடியாது. பாட்டன் தங்கிய காலத்தில் நெகிழி இல்லை, லாரி இல்லை, இத்தனை கூட்டமும் இல்லை. அண்மை ஆண்டுகளில் தங்கும் நாட்களைச் சிலவாகக் குறைத்ததையும், தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்தி அரசுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்புவதையும் நான் எதிர்க்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 28ஆவது பிரிவில், எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவரைச் சரணாலயத்துக்குள் அனுமதிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. ஆய்வு உண்டு. புகைப்படம் எடுத்தல் உண்டு. சுற்றுலா உண்டு. அங்கே வசிப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல் உண்டு. வழிபாடு இல்லை. ஆக, புகைப்படக் கருவியோடு வருகிறவர் சட்டத்தின் கண்ணில் வருகையாளர். கிடாவோடும் பொங்கல் பானையோடும் வருகிறவர் ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் கூடிப் பேசி விலக்களிக்க வேண்டிய ஒரு தொல்லை. மேய்ச்சல்காரர்களின் நிலையும் இதுதான். சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற எல்லைக்குள் சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பர்கூர் மலைகளில் காட்டுக்குள் பட்டி போட்டு மாடுகளோடு இராத்தங்கியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பயன் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று யாராவது எழுதினால் நல்லது.

(வனத்துறை ஓய்வு விடுதிகளில் தங்க வாய்ப்பவர்கள் யார் என்ற கேள்வியை இங்கே நான் எழுப்பப் போவதில்லை. சிபாரிசுக் கடிதம் என்பதும் ஒரு மரபுதான்.)

நார்வேயில் 1957 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சாகுபடி செய்யப்படாத நிலத்தில், அது தனியார் உடைமையாக இருந்தாலும்கூட, யாரும் நடக்கலாம், கூடாரமடிக்கலாம். மனிதர் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தங்குவதென்றால் பொதுவாக அனுமதி பெற வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதை ஒட்டியும் தீ மூட்டக் கூடாது. அந்நாட்டின் மக்கள்தொகை சென்னையைவிடக் குறைவு, ஆகவே அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. நான் சுட்டுவது அதன் வாக்கிய அமைப்பை. உரிமையை முதலில் சொல்லிவிட்டு, கடமையை மீட்டர் கணக்கில் சொல்கிறது. நம்முடைய 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் நுழைவதையும் தீ மூட்டுவதையும் மாடு மேய்ப்பதையும் குற்றங்களாக வரிசைப்படுத்துகிறது. 140 ஆண்டுகளாகக் காட்டில் நாம் அத்துமீறிகளாகவே இருந்து பழகிவிட்டோம். அத்துமீறி நுழைந்தவன் கிளம்பும்போது கூட்டிப் பெருக்கிவிட்டா போவான்?

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு இந்த நிலத்தில் மூன்று இரவுகள் தங்க உரிமை உண்டு என்று அரசாணையில் எழுதட்டும். அதன் கீழே, ஆற்றிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் குடில், விறகு வெளியிலிருந்து, கொண்டுவந்த பையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதட்டும். கழிப்பிடங்கள் போதுமான அளவில், கரையிலிருந்து விலகி அமையட்டும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளையே கரைக்குக் காவல் நிறுத்தலாம். சாமிக்கு நேர்ந்துகொண்டு செருப்பைச் சுமந்துவருகிறவர்கள் குப்பைப் பையைச் சுமக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கேள்வி சொரிமுத்து அய்யனாரோடு நின்றுவிடப் போவதுமில்லை. அதே மலைத்தொடரில், சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைப் பகுதியின் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 2028இல் காடாக அரசிடம் திரும்ப வேண்டும். தேயிலை பறித்த தொழிலாளர்களை 2024இலேயே விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறச் சொல்லியாயிற்று. தலைமுறைகளாக அங்கே உறங்கி விழித்தவர்களின் லயன் வீடுகள் காலியாகும். அந்தக் குளிரில், அந்த மேட்டில், அடுத்து யார் இரவு தங்குவார்கள், எந்தச் சட்டப்பிரிவின்படி தங்குவார்கள் என்பதை இப்போதே கேட்டு வைப்போம்.