பாற்போத்தலின் பாதுகாப்பை யார் பரிசோதிப்பது?

பால்மாப் பெட்டியைக் கையிலெடுத்தால் ஹலால் இலச்சினையையும் காலாவதித் திகதியையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம் மக்களிடையே நன்கு வேரூன்றியுள்ளது. ஆனால், அப்பாலை ஊட்டும் போத்தல் எந்த பிளாஸ்டிக்கினால் ஆனது என்று கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பிய போத்தலென்றால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

6 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 மில்லிலீற்றர் பால் அருந்துகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே விகிதத்தில் அருந்துவதாயின் 9 லீற்றர் வேண்டும்! பெரியவருக்கு அற்பமான அளவு குழந்தைக்கு அற்பமானதல்ல என்பதற்கு இக்கணக்கே போதும்.

பொலிகார்பனேட் போத்தல்களிலிருந்து கசியும் 'பிஸ்பினோல் ஏ' உடலின் ஓமோன் தொழிற்பாட்டைக் குழப்பக்கூடியது. சுடுநீரும் தேய்மானமும் அக்கசிவை அதிகரிக்கின்றன. பாற்போத்தல்களில் இதன் பாவனையை ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலும் அமெரிக்கா 2012 இலும் தடைசெய்தன. நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க அளவாக 2015 இல் தான் நிர்ணயித்த வரம்பை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் 20,000 மடங்கு குறைத்தது. ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதனை ஏற்கவில்லை. எனினும் அது முன்வைத்த வரம்பும் பழையதிலும் 20 மடங்கு குறைந்ததே. நிபுணர்களின் இக்கருத்து வேறுபாட்டைக் காட்டி வாளாவிருப்பது நியாயமாகாது.

'பிபிஏ அற்றது' என்ற வாசகமும் முழு உத்தரவாதமன்று. பொலிபுரொப்பிலீன் போத்தலில் பால்மா கரைக்கும்போது லீற்றருக்கு 1 கோடியே 60 இலட்சம் வரையான நுண்பிளாஸ்டிக் துணிக்கைகள் வெளியாகலாம் என 2020 இல் டப்ளின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவை குழந்தைக்கு என்ன செய்கின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை. தாய்ப்பாலுக்கு ஈடில்லை. போத்தல் தவிர்க்கமுடியாத வீடுகளில், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மாவைக் கரைத்து, ஆறிய பின்னரே போத்தலில் ஊற்றலாம். கீறல் விழுந்த போத்தலை அடுத்த பிள்ளைக்கு எடுத்துவைப்பதும் கூடாது.

2017 இல் 'லஞ்ச் சீட்' தடைசெய்யப்பட்டது சுற்றாடல் சட்டத்தின் கீழாகும். குப்பைமேட்டைக் கண்ட சட்டம் குழந்தையின் வாயையும் காணவேண்டாமா? 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் கடைகளைப் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், பிளாஸ்டிக் வகை குறிப்பிடப்படாத பாற்போத்தல்களையும் தம் கவனத்திற் கொள்ளவேண்டும். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை அவற்றின் மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பி, முடிவுகளைத் தமிழில் பகிரங்கப்படுத்த வேண்டுமென நாம் கோருகின்றோம்.