பெட்டி வந்தது; பாட்டிக்குப் பழக்கியது யார்?

வீட்டிற்கு ஒரு புதிய பெட்டி வருகிறது. அதைத் தொடும் உரிமை யாருக்கு?

இது இன்று பிறந்த கேள்வி அல்ல. ரேடியோ வந்த காலத்திலேயே இருந்தது.

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. அடுத்த ஆண்டில் திருச்சி நிலையம் வந்தது. அப்போது வசதி உள்ளவர்கள் வீட்டில்தான் ரேடியோ இருக்கும். அதற்குத் தபால் ஆபீசில் லைசென்சு எடுக்க வேண்டும். சுவரில் உயரமாகப் பலகை அடித்து, அதன் மேல் பெட்டியை வைப்பார்கள். பெட்டிக்குப் பூப்போட்ட துணி உறை. வீட்டுப் பெரியவர் வந்துதான் குமிழைத் திருக வேண்டும். உள்ளே வால்வு சூடாகும் வரை சத்தம் வராது. வீடே மூச்சுப் பிடித்துக் காத்திருக்கும். பிள்ளைகள் கை வைத்தால் முதுகில் அடி விழும்.

தொடுவதற்குத்தான் தடை. கேட்பதற்குத் தடை இல்லை. படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டு அல்லவா? கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலை நேரத்தில் அதன் அடியில் ஊரே உட்கார்ந்தது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் பரவியது. அதைப் பயிர் செய்யும் முறையை வானொலி சொன்னது. விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள். அந்த நெல்லுக்கு "ரேடியோ அரிசி" என்றே பெயர் வந்து விட்டது! ஒரு பெட்டி ஊருக்குப் பயன்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டெலிபோன் கதையும் இப்படித்தான். தெருவுக்கு ஒரு டெலிபோன் இருந்தாலே பெரிது. மனுப் போட்டு விட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் "பி.பி." என்று போட்டு, மளிகைக் கடைக்காரர் வீட்டு எண்ணைக் கொடுப்பார்கள். போன் வந்தால் கடைப் பையன் ஓடி வருவான். "அக்கா, உங்களுக்குப் பம்பாயிலிருந்து போன்!" என்பான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா ஓடுவாள். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவில் கட்டணம் குறையும். அதற்காகவே வரிசையில் நிற்பார்கள். எண்ணைச் சுழற்றத் தெரியாவிட்டால் பூத்துக்காரர் சுழற்றிக் கொடுப்பார். அதற்காக அவர் யாரையும் ஏளனம் செய்ததில்லை.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்" பார்க்க, பெட்டி இருக்கும் வீட்டில் தெருவே கூடும். வீட்டுக்காரர் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்புவார். கீழேயிருந்து பத்துப் பேர், "வந்துருச்சு! போச்சு!" என்று கத்துவார்கள். 2006-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. குடிசைக்கும் பெட்டி வந்தது.

அதுவரை எல்லாம் சரி. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வரும். இன்னொரு பொத்தானில் சத்தம் கூடும். அறுபது வயதுப் பாட்டியும் ஒரே நாளில் பழகிக்கொண்டாள்.

இப்போது என்ன நடக்கிறது?

இப்போது டெலிவிஷனுக்கு ஒரு ரிமோட். செட்டாப் பெட்டிக்கு ஒரு ரிமோட். இரண்டிலும் சேர்த்து எண்பது பொத்தான்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பகலில் வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறாள். சீரியல் நேரம். விரல் தவறி வேறு பொத்தானில் பட்டு விடுகிறது. படம் போய் விடுகிறது. "நோ சிக்னல்" என்று நீலத்திரை வருகிறது. அது என்ன என்று பாட்டிக்குத் தெரியாது. பெட்டியே கெட்டு விட்டதோ என்று பயப்படுகிறாள். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை நீலத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் வந்து அரை விநாடியில் சரி செய்கிறான். "ஏன் பாட்டி, எத்தனை தடவை சொல்றது?" என்கிறான். எப்படிச் செய்தான் என்று பாட்டி பார்ப்பதற்குள் ரிமோட் கை மாறி விடுகிறது.

அன்று பெரியவர் பிள்ளைகளைத் தொட விடவில்லை. இன்று பிள்ளைகள் பெரியவர்களைத் தொட விடுவதில்லை. பழைய கணக்குத் தீர்கிறது போலும்!

செல்போனில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். இந்தியாவில் செல்போன் 1995-ல் வந்தது. முதலில் வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் அது நீங்கியது. அதன் பிறகு காய்கறிக்காரர் கையிலும், கொத்தனார் கையிலும் போன் வந்தது. அந்தப் பழைய போனில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் என்று இரண்டு இருந்தன. பச்சை என்றால் பேசு. சிவப்பு என்றால் வை. எழுத்தே வேண்டாம். ஒரு "மிஸ்டு கால்" கொடுத்தால், "வந்து சேர்ந்து விட்டேன்" என்று அர்த்தம். செலவில்லாமல் சேதி சொல்லும் இந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் படித்த என்ஜினீயர்கள் அல்ல, ஏழை மக்கள்!

இப்போது தொடுதிரை. பச்சைக் குறியை அழுத்தினால் போதாது. பல போன்களில் இழுக்க வேண்டும். தாத்தா அழுத்துகிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு நின்று விடுகிறது. "ஏம்பா எடுக்கலை?" என்று மகன் கோபிக்கிறான். இன்னொன்றும் உண்டு. விரல் படும்போது திரையின் மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை உணர்ந்துதான் இந்தத் திரை வேலை செய்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன விரலையும், வயதாகி உலர்ந்த விரலையும் அது சரியாக உணர்வதில்லை. தாத்தாவுக்கு அறிவு போதவில்லை என்று பேரன் நினைக்கிறான். தவறு தாத்தாவின் அறிவில் இல்லை. உழைத்த விரலில் இருக்கிறது.

"பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும்தானே? தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று சிலர் கேட்கலாம்.

குடி முழுகத்தான் செய்கிறது. இன்று கியாஸ் சிலிண்டர் வாங்க வேண்டுமானால் போனில் வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். பாங்கியில் பணம் எடுத்தால் போனில்தான் செய்தி வருகிறது. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றைக்கூடப் போனில் முகத்தைக் காட்டிப் பெறலாம். போன் இன்று பொழுதுபோக்குச் சாமான் மட்டும் அல்ல. வீட்டின் பெட்டிச் சாவி அது.

சாவியைத் தேடும் திருடன்

சாவி இருக்கும் இடத்திற்குத் திருடன் வருவான். "பாங்கியிலிருந்து பேசுகிறேன். உங்கள் கார்டு நின்று விட்டது. இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் பேசுகிறான். எண்ணைச் சொன்னால் பணம் போய் விடும். இன்னொருவன் போலீஸ் உடுப்பில் போன் திரையில் வருகிறான். "உங்களை டிஜிட்டல் அரஸ்ட் செய்திருக்கிறோம். யாரிடமும் சொல்லக்கூடாது. பணம் கட்டினால் விடுவோம்" என்கிறான். அப்படி ஒரு கைது நாட்டின் சட்டத்திலேயே கிடையாது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி வானொலியில் பேசிய பிரதமரே இதைச் சொன்னார். ஆனாலும் மக்கள் ஏமாறுகிறார்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

ஏன்? திருடன் கெட்டிக்காரன் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் வீட்டிற்குள் இருக்கிறது. ரிமோட்டில் எது எந்தப் பொத்தான் என்று கேட்டதற்கே ஏச்சு வாங்கிய பெரியவர், பயமுறுத்தும் போன் வந்தால் பிள்ளையிடம் சொல்வாரா? சொல்ல மாட்டார். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பானே என்று வாயை மூடிக்கொள்வார். "யாரிடமும் சொல்லாதே" என்று திருடன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை வீட்டார் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள்.

இருபதாயிரம் ரூபாய்க்கு டெலிவிஷன் வாங்குகிறவர்கள், அதைப் பெரியவர்களுக்குப் பழக்க இரண்டு மாலைப் பொழுதைச் செலவிடலாம். வேலையைத் தாங்கள் செய்து காட்டக் கூடாது. ரிமோட்டைப் பாட்டியின் கையில் கொடுத்து, அவளையே அழுத்தச் சொல்ல வேண்டும். தவறாக அழுத்தினால் திரும்ப வரும் வழியை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரத் தெரிந்தவருக்குத்தான் புதிய தெருவில் நடக்கத் துணிச்சல் வரும். வேண்டிய நான்கு பொத்தான்களில் கலர் ஒட்டுத்தாளை ஒட்டி விடலாம். போனைத் தமிழுக்கு மாற்றலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். மகன், மகள் பெயருடன் அவர்கள் படத்தையும் போட்டு வைக்கலாம். படத்தைத் தொட்டால் பேச்சு.

புதிய டெலிவிஷன்கள் பலவற்றின் ரிமோட்டில் ஒலிவாங்கிப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு, "சிவாஜி படப் பாட்டு" என்று தமிழில் சொன்னால் போதும். பாட்டு வரும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கு இதைவிட வசதி வேறு இல்லை. ஆனால் அந்தப் பொத்தான் எதற்கு என்று அவளிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்?

கம்பெனிக்காரர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். தமிழ்நாட்டில் இத்தனை பெட்டி விற்கிறவர்கள், ரிமோட்டில் நான்கு சொல்லைத் தமிழில் அச்சடிக்கக் கூடாதா? பெரிய பொத்தான்கள் பத்து மட்டும் உள்ள ரிமோட் ஒன்றைக் கூடவே கொடுத்தால் என்ன நஷ்டம்?

வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையில், 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். போன் மோசடியில் பணம் போனால் புகார் சொல்ல வேண்டிய எண் அது. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். உடனே சொன்னால், பணம் கை மாறுவதற்குள் பாங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. மறுநாள் வரை மறைத்து வைத்தால், அதற்குள் அந்தப் பணம் பல கணக்குகளுக்குப் போய் விடும்.