பத்துப் புலிகளின் பலம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வளர்ந்த எங்களுக்கு வேதாளர் அறிமுகமானது பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய இதழ்கள் வழியாகத்தான். எங்களில் மூத்தவர்கள் அவரை இந்திரஜால் காமிக்ஸிலும் முத்து காமிக்ஸிலும் கண்டார்கள். இளையவர்கள் ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் கண்டார்கள். இரும்புக்கை மாயாவி வேறு, இவர் வேறு என்று வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிக் களைத்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த வேதாளரை அனிமேஷன் திரையில் இரண்டு முறை வேறு ஆளாக மாற்றியிருக்கிறார்கள். 1986இல் வந்த 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்', 1994இல் தொடங்கிய 'ஃபேண்டம் 2040' ஆகிய இரு தொடர்களையும் அண்மையில் மீண்டும் பார்த்தபோது எழுந்த எண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

உடையும் முகமும் மாறிவிட்டன என்பது காமிக்ஸ் வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. எங்கள் குறை அதுவன்று. ஒரு பாத்திரம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறதோ, அந்த விதி மாறினால்தான் பாத்திரம் மாறுகிறது. மற்ற மாற்றங்களைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

வேதாளரின் விதி என்ன? லீ ஃபாக் 1934இல் மாண்ட்ரேக்கையும் 1936இல் வேதாளரையும் படைத்தார். மாண்ட்ரேக்கிடம் மனோவசிய வித்தை உண்டு. வேதாளரிடம் அப்படி எதுவும் இல்லை. அவர் சாகக்கூடிய மனிதர். கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஒருவன் எடுத்த சபதத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சுமந்து வருகிறார்கள். நாம் வாசித்தவர் இருபத்தொன்றாமவர். மண்டையோட்டுக் குகையில் அவருடைய முன்னோர்கள் வரிசையாகத் துயில்கிறார்கள். காடு அவரைச் சாவற்றவர் என்று நம்புகிறது. இல்லை என்பது பந்தர் குள்ளர்களுக்கும், நெருங்கிய சிலருக்கும், வாசகருக்கும் மட்டுமே தெரியும். அந்த ரகசியத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதே அந்தக் கதைகளின் ஈர்ப்பு. ஒவ்வொரு தோட்டாவும் அவரைக் கொல்லக்கூடும் என்பது நமக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது.

அவருக்குப் பத்துப் புலிகளின் பலம் உண்டு என்பது ஃபாக்கின் கதைகளில் காட்டு மக்கள் சொல்லிக்கொள்ளும் பழமொழிகளுள் ஒன்று. அது வதந்தி, அவருக்குக் கவசமாக அமைந்த வதந்தி. 'டிஃபெண்டர்ஸ்' தொடரை எழுதியவர்கள் அந்தப் பழமொழியை அப்படியே உண்மையாக்கிவிட்டார்கள். 65 அத்தியாயங்கள் கொண்ட அத்தொடரில், இருபத்தேழாம் வேதாளர் ஒரு மந்திர வாசகத்தை உச்சரிக்கிறார். உடனே பத்துப் புலிகளின் பலம் அவர் உடலில் இறங்குகிறது. எந்திரங்களைத் தூக்கி எறிகிறார். உடை பெரிதும் அதேதான், மண்டையோட்டு மோதிரமும் இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்த வேதாளர் அங்கே இல்லை. மெய்யாகவே அமானுட ஆற்றல் உள்ளவனுக்குச் சாவற்றவன் என்ற வதந்தி எதற்கு? வதந்தி தேவையில்லை என்றால் ரகசியம் எதற்கு? ரகசியம் இல்லை என்றால் வாசகருக்கு அங்கே என்ன வேலை? பலத்தைக் கூட்டப்போய்ப் பாத்திரத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள்.

இப்படிச் சொல்வதால் மூலக் கதைகளை வேதவாக்காகக் கொள்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு வெள்ளையர் காட்டு மக்களுக்குப் பரம்பரை நீதிபதியாக இருப்பதில் உள்ள காலனிய வாடை எங்களுக்கும் தெரிகிறது. சிறு வயதில் தெரியவில்லை, அவ்வளவுதான். லொதாரை எண்ணிப் பாருங்கள். ஏழு தேசங்களின் இளவரசன் என்ற அறிமுகத்தோடு வந்தவன், மாண்ட்ரேக்கின் பின்னால் சிறுத்தைத் தோல் உடுத்திக் கொச்சை மொழி பேசி நின்றான். 1965இல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் வரைய வந்த பிறகே அவனுக்கு நல்ல உடையும் நல்ல மொழியும் கிடைத்தன. 'டிஃபெண்டர்ஸ்' தொடரோ அவனை மற்ற மூவருக்கும் சமமான நான்காம் வீரனாக்கி, அவனுக்கு ஒரு மகனையும் கொடுத்தது. இந்த மாற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம். லொதாரின் பணிவு அவனுடைய விதி அன்று. அது அவன்மேல் சுமத்தப்பட்டது. அதை இறக்கி வைத்தபோதுதான் இளவரசன் தெரிந்தான்.

அதே தொடர் பெண்களிடம் இந்த நியாயத்தைக் காட்டவில்லை. ஃபிளாஷ் கார்டனின் துணைவி டேல் ஆர்டன் தொடக்கத்திலேயே மிங்கின் கொடுமைக்குப் பலியாகிறாள். அவளுடைய உள்ளம் ஒரு படிகத்தில் சேமிக்கப்பட்டுக் கணினியின் குரலாகிவிடுகிறது. வேதாளரின் மகள் ஜெடா துடிப்பானவள்தான். ஆனால் ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய டயானாவைப் போன்ற ஒரு முதிர்ந்த பெண்ணுக்கு அந்தக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. ஒரே தழுவல் ஒரு பாத்திரத்தை மீட்கவும் இன்னொன்றைக் கைவிடவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாத்திரங்களை மாற்றுவது எங்கள் மண்ணுக்குப் புதிதும் அன்று. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வியாசரிடம் இல்லாத போத்துராஜா அங்கே அம்மனுக்குக் காவல் நிற்கிறார். பாண்டவரின் மனைவி தெய்வமாகிறாள். படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகப் பெரிதாய்க் கிடக்கிறான். இவற்றையெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவிழ்ந்த கூந்தலை முடியாமலே திரௌபதி களத்தைவிட்டுப் போய்விட்டால், விடியும்வரை விழித்திருந்த மூதாட்டிகூட ஒப்ப மாட்டார். சபதமும் அதன் நிறைவும்தான் அந்தப் பாத்திரம். கூத்துக் கலைஞருக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரியும். அனிமேஷன் எழுத்தாளரிடமும் நாங்கள் எதிர்பார்ப்பது இந்தத் தெளிவை மட்டுமே.

அந்தத் தெளிவு 'ஃபேண்டம் 2040'இல் இருந்தது. பீட்டர் சுங் உருவங்களை வடிவமைத்த இந்தத் தொடரை முதலில் பார்த்தபோது எங்களில் சிலர் முகம் சுளித்தோம். காடு இல்லை, குதிரை இல்லை. மெட்ரோபியா என்ற எதிர்கால நகரம், ஒரு பெருநிறுவனத்தின் ஆதிக்கம், எந்திரக் காவலர்கள், மறைந்து நடமாட உதவும் உடை. ஆனால் உள்ளே இருப்பவன் யார்? தன் மரபு இன்னதென்று அறியாமல் வளர்ந்த ஒரு மாணவன். தந்தையும் முன்னோரும் விட்டுச்சென்ற சுமையைக் குரான் அவனிடம் ஒப்படைக்கிறார். அவன் இருபத்துநான்காமவன், தவறு செய்கிறான், அடிபடுகிறான், அவனாலும் சாக முடியும். மறைக்கும் ஆற்றல் உடையினுடையது, அவனுடையது அன்று. சுற்றுச்சூழல் அழிந்த உலகில், நகரத்தின் அடியில் மிஞ்சிய காட்டைக் காப்பதே அவன் பணி. ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிய இந்தத் தொடர் சபதத்தையும் சாவையும் ரகசியத்தையும் மட்டும் காப்பாற்றியது. பழங்குடிகளை ஆளும் வெள்ளையர் என்ற பழைய உறுத்தலும் பெருமளவு விலகியது. 35 அத்தியாயங்களோடு 1996இல் அது முடிந்துபோனதில் எங்களுக்கு இன்றும் வருத்தமே.

நாம் வாசித்த வேதாளரும் கலப்பற்ற மூலம் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபாக்கின் 'பெங்காலா' நமது வங்காளத்தை நினைவூட்டிவிடும் என்று இந்திரஜால் அதை 'டெங்காலி' ஆக்கியது. தமிழில் அவர் பெயரே பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறியது. எந்தப் பெயரில் வந்தாலும் குகையில் முன்னோர் துயின்றார்கள், அவர் ரகசியம் காத்தார். அதனால்தான் திண்டிவனத்தில் வாங்கிய மாயாவியையும் விழுப்புரத்தில் இரவல் பெற்ற வேதாளரையும் ஒரே ஆளாக எங்களால் அடையாளம் காண முடிந்தது.

இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேதாளரை முதலில் சந்திப்பது இதழில் அல்ல, திரையில்தான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. எந்த வேதாளரைச் சந்திக்கிறார்கள் என்பதுதான் கவலை. பத்துப் புலிகளின் பலம் கொண்டவரைக் கண்டால் வியப்பார்கள். அடுத்த வாரம் நூறு புலிகளின் பலம் கொண்ட இன்னொருவர் வந்ததும் இவரை மறந்துவிடுவார்கள். சாகக்கூடியவர் என்று தெரிந்தும் இருட்டுக்குள் நடந்து போகிறவரைக் கண்டால் அவருக்காக அஞ்சுவார்கள். நாங்கள் அவருக்காக அஞ்சியிருக்கிறோம். அந்த அச்சத்தைத்தான் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்ல விரும்புகிறோம்.