ஜெர்சி சிட்டி டைரி: 100 இஞ்ச் டாக்கீஸ்

பழைய புரொஜக்டர் கிடைச்சாச்சு, திரைக்கு எங்க போறது? சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சா ஒன்றரை மாச வாடகை டெபாசிட்டுக்கு ஆபத்து. பெட்ஷீட்டா? பாதி வெளிச்சம் பின்பக்கமா ஓடிடும்.

ஜன்னல் திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற பிளாக்அவுட் துணிதான் சரி. ஒளி ஊடுருவாது. துணியோட அகலம் வழக்கமா 54 இஞ்ச். 16:9-ல் 100 இஞ்ச் திரைன்னா உயரம் 49, நீளம் 87. மேலயும் கீழயும் மடிச்சு அடிக்க ரெண்டரை இஞ்ச் மிஞ்சும். இதைவிடப் பெருசா ஆசைப்பட்டா ஒட்டுப் போடணும், தையல் கரெக்டா ஹீரோ மூஞ்சியிலதான் விழும் :)

மூணு கெஜம் போதும். மரச்சட்டத்துல பின் அடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் நடுவிலேர்ந்து மூலைக்குப் போங்க, அப்பதான் சுருக்கம் வெளியே தள்ளப்படும். மொத்தச் செலவு ஐம்பது டாலருக்குள்ள.

முக்கியமா, சட்டத்தை ரூமுக்குள்ளேயே பூட்டுங்க மக்களே. இந்த ஊர் பழைய வீட்டு மாடிப்படியில 87 இஞ்ச் திரும்பாது.