கடலைச் செடியின் காவலும் சிறு ஆர்.என்.ஏ.யும்

2000-ஆம் ஆண்டில் அனந்தப்பூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர் நிலக்கடலையைத் தண்டுக் கருகல் நோய் தாக்கிற்று. நட்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல். நோய்க்குக் காரணம் புகையிலைக் கீற்று வைரஸ். பாகாலாவைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களிலும் கடலை பயிராவதால், இது நமக்கு அயலார் செய்தியன்று.

வைரஸ் நோய்க்கு மருந்தில்லை என்று குடியானவரிடம் கூறிவிட்டுத் திரும்புகிறோம். அது மெய்யே. ஆயினும் செடிக்குத் தற்காப்பே இல்லை என்று பொருள்படக் கூறுவது தவறென்பது என் கருத்து.

உயிரணுவின் உட்கருவில், சில ஜீன்களிலிருந்து, புரதம் சமைக்க உதவாத ஆர்.என்.ஏ. இழைகள் உண்டாகின்றன. இழை கொண்டை ஊசிபோல் மடிந்து இரட்டையாகிறது. விலங்குகளில் ட்ரோஷா என்னும் நொதி உட்கருவினுள்ளும், டைசர் என்னும் நொதி வெளியிலும் அதனை வெட்டுகின்றன. தாவரங்களிலோ, டைசர் இனத்தைச் சேர்ந்த ஒரே நொதி இரு வெட்டுகளையும் உட்கருவிலேயே முடித்துவிடுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள துணுக்கு. அதன் முனைகளில் மீதைல் தொகுதி சேர்வதால் அது எளிதில் சிதைவதில்லை. ஆர்கோநாட் என்னும் புரதம் அதன் ஓர் இழையை ஏந்தி, அதனுடன் பொருந்தும் செய்தி ஆர்.என்.ஏ.யைக் கண்டு வெட்டுகிறது. இலையின் வடிவமும் பூக்குங் காலமும் இவ்வாறு நெறிப்படுகின்றன.

வைரஸ் பெருகுங்கால் தோன்றும் இரட்டை இழையையும் இவ்வினத்து நொதிகளே நறுக்குகின்றன. அத்துணுக்குகள் வைரசையே காட்டிக்கொடுக்கின்றன. வைரசும் வாளா இருப்பதில்லை. கீற்று வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளரித் தேமல் வைரஸ், 2பி என்னும் புரதத்தால் இக்காவலை முடக்குகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுதம்பியும் சுவிட்சர்லாந்து ஆய்வாளரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் தேமல் கண்ட உளுந்துச் செடிகளில், வைரசின் ஒரு பகுதிக்குரிய இரட்டை இழையை உண்டாக்கும் டி.என்.ஏ.யைச் செலுத்தியபோது செடிகள் தேறின. இஃது ஆய்வுக்கூடத்து வெற்றி. கடலை வயலில் தெளிக்கும் மருந்தன்று. ஊழியர் இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது.

என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூல், புகையிலையைத் தாக்கும் நூற்புழுவைக் கொண்டு இத்தத்துவத்தை விளக்குகிறது. குற்றமில்லை; ஆனால் பாகாலாப் பிள்ளைகள் புகையிலையினும் கடலையை நன்கறிவர். ஆசிரியர் அவர்களை வயலோரம் அழைத்துச் சென்று பார்த்தீனியச் செடியைக் காட்டலாம். வைரசைச் சுமக்கும் அதன் மகரந்தத்தை இலைப்பேன் கடலை இலைமேல் சேர்க்கிறது; அது சுரண்டிய காயத்தின் வழியே வைரஸ் உட்புகுகிறது. பூக்குமுன் பார்த்தீனியத்தைப் பிடுங்கி, வயலைச் சுற்றிச் சோளம் விதைத்தால், செடியின் காவல் எதிர்கொள்ள வேண்டிய வைரஸ் அந்த அளவுக்குக் குறையும்.