பார்த்துக் கீறினால் என்ன?

சாச்சி என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பாத்துக் கீறினதுதானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்ப இதுல ஒன்ட எது?" என்று கேட்டு, கொப்பியை மூடி என் கையில் தந்துவிட்டார்.

நம் வீடுகளில் 'பார்த்துக் கீறினது' என்றால் அது ஒரு குறை. சமையலை உம்மாவைப் பார்த்துப் பழகலாம். தையலையும் பார்த்துப் பழகலாம். கிராஅத்தை உஸ்தாத் ஓத ஓதத் திருப்பி ஓதித்தான் பழகுகிறோம். சித்திரமும் வடிவமைப்பும் மட்டும் முதல் நாளே சொந்தமாக வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது சரியல்ல என்பதே என் கருத்து. ஒன்றைப் புதிதாகப் பழகுகிறவருக்கு, தான் விரும்பும் ஒருவரின் வேலையைப் பார்த்துச் செய்வதைப் போல நல்ல பாடம் வேறில்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாப்பாவின் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அந்தக் கணக்கைக் கையடக்கத் தொலைபேசியில் பதிவதற்கு ஒரு திரை வடிவமைக்க நினைத்தேன். முதலாவதை முழுக்க என் கற்பனையிலேயே செய்தேன். ஐந்து நிறங்கள், ஓரத்தில் பூக்கள், நிழல் விழும் எழுத்துகள். தோழிகள் அழகு என்றார்கள். வாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல எத மகள் அமத்துற?"

அதன் பிறகுதான் டீட்டர் ராம்ஸிடம் போனேன். ஜேர்மனியரான இவர் 1961 முதல் 1995 வரை பிரவுன் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஒரு பொருளில் வடிவமைப்பு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவருடைய கொள்கை. தம் சக வடிவமைப்பாளர் டீட்ரிச் லூப்ஸுடன் சேர்ந்து 1987இல் அவர் உருவாக்கிய ஈ.டீ. 66 என்ற கல்குலேட்டரின் படத்தைப் பார்த்து, சதுரக்கோட்டுக் கொப்பியில் கீறத் தொடங்கினேன். 2007இல் வந்த முதலாவது ஐபோனின் கல்குலேட்டர் திரையும் இதைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் தெரியும். ஆப்பிளின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஜோனி ஐவ், ராம்ஸைப் பற்றி 2011இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரையும் எழுதினார். அவரிடம் எந்தச் சாச்சியும் 'இதுல ஒன்ட எது' என்று கேட்டிருக்க மாட்டார்!

முதல் தடவை கீறும்போது எல்லாவற்றையும் கவனித்துவிட்டதாகவே நினைத்தேன். மூன்றாவது தடவைதான் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது. இத்தனை பொத்தான்களுக்குள் சமன் குறி ஒன்றுக்கு மட்டுமே மஞ்சள். கணக்குப் போடும் எவரும் கடைசியில் தேடிப் போகும் இடம் அது. என் திரையிலோ எல்லாமே நிறமாக இருந்தபடியால் எதுவும் கண்ணில் படவில்லை.

அந்தக் கல்குலேட்டரின் வட்டப் பொத்தான்கள் மேல்நோக்கிப் புடைத்தவை. அந்தப் புடைப்பை நிழலிட்டுக் காட்ட ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தேன். கீறி முடித்த பிறகுதான் யோசித்தேன், கண்ணாடித் திரையில் ஏது புடைப்பு? புடைத்திருந்தால் ஒரு பொத்தானின் உச்சிக்கும் அடுத்ததன் உச்சிக்கும் இடைவெளி கூடும், விரல் இரண்டில் ஒன்றாகப் படாது. எனக்குத் தேவைப்பட்டது நிழல் இல்லை, அந்த இடைவெளி. பொத்தான்களைச் சின்னதாக்கித் தள்ளித் தள்ளி வைத்தேன். இதைப் படத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கை கீறும்போதுதான் 'ஏன் இப்படி?' என்று கேட்கத் தோன்றுகிறது.

பிழையும் விட்டேன். குறைவாகச் செய்வதென்றால் சொற்களை எடுத்துவிடுவது என்று விளங்கிக்கொண்டு, வெறும் படங்களை வைத்தேன். பணம் வந்ததற்கு ஓர் அம்புக்குறி, அழிப்பதற்கு ஒரு குப்பைக் கூடை. வாப்பா அந்தக் கூடையைக் கடைச் சாமான் கூடை என்று நினைத்து அமத்தி, பரீட்சித்துப் பார்க்கப் பதிந்த கணக்கை அழித்துவிட்டார். நல்ல வேளை, உண்மைக் கணக்கு கொப்பியில் பத்திரமாக இருந்தது. திரும்பவும் ராம்ஸின் கல்குலேட்டரைப் பார்த்தேன். அதில் புதிதாகக் கண்டுபிடித்த படம் ஒன்றும் இல்லை. கூட்டல், கழித்தல், சமன் என்று வாங்குகிறவர் பள்ளிக்கூடத்திலேயே படித்த குறிகள்தான். வாப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்த குறிகள் எவை? அவருடைய கொப்பியில் இருக்கும் சொற்கள்: கடன், வரவு, மிச்சம்.

அவற்றை எழுதப்போனால் வட்டப் பொத்தானுக்குள் தமிழ் அடங்கவில்லை. 'கடன்' அடங்கியது, 'அழித்துவிடு' அடங்கவேயில்லை. ஆங்கிலத்தில் நாகரிகமாகத் தெரியும் மெல்லிய சாம்பல் எழுத்து, தமிழில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி, வாப்பாவின் வயதுக் கண்களுக்கு வெறும் கீறலாகிவிட்டது. எழுத்தைக் கறுப்பாக்கித் தடிப்பாக்கினேன், வரிகளுக்கு நடுவே இடம் விட்டேன், வட்டம் நீள்சதுரமானது. சாச்சி கேட்ட 'ஒன்ட எது' என்பதற்கு அந்த இடத்தைக் காட்டலாம். பார்த்துக் கீறாமல் இருந்திருந்தால் எங்கே விலக வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

பார்த்துச் செய்து பழகினால் பிறகு சொந்தமாக ஒன்றும் வராது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒரு மாதம் வரை நான் எதைக் கீறினாலும் அதில் ஒரு மஞ்சள் வட்டம் வந்து உட்கார்ந்தது. பாடசாலை நேரசூசியில்கூட! ஆனால் அது தானாகவே விட்டுப்போனது.

இனி நிபந்தனை. உஸ்மானியர் காலத்து அரபு எழுத்தணிக்கலை மாணவர்கள் உஸ்தாதின் எழுத்தை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். இஜாஸா கிடைத்த பிறகுதான் தாம் எழுதியதன் கீழ் தம் பெயரைப் போட்டார்கள். பார்த்து எழுதியது அவர்களுக்கு வெட்கமாக இருக்கவில்லை. இன்றைக்கு நடப்பது தலைகீழ். யாரோ செய்த செயற்றிட்டத்தை இணையத்தில் இறக்கி, பெயரை மட்டும் மாற்றி ஒப்படைக்கிறோம். அதை நான் பார்த்துச் செய்தது என்றே சொல்லமாட்டேன். அதில் நம் கண்ணும் படவில்லை, கையும் படவில்லை. அதற்குப் புள்ளி குறைப்பது நியாயம். யாரைப் பார்த்துச் செய்தேன் என்று எழுதிவைத்துச் செய்கிற பிள்ளையையும் அதே கணக்கில் சேர்ப்பதுதான் அநியாயம்.

என் திரையின் கீழ் மூலையில் ஒரு சிறு வரி இருக்கிறது: 'டீட்டர் ராம்ஸ், டீட்ரிச் லூப்ஸ் ஆகியோரின் 1987ஆம் ஆண்டுக் கல்குலேட்டரைப் பார்த்துக் கீறியது.' தேவையில்லாததை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தபோது இதையும் எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஆரு மகள் இவங்க, நம்மட கடையில கடன் ஈக்கா?" என்று கேட்டார்.